காட்டுக் கேமராவும் கள்வரும்

ஆள் அருகில் இல்லாமல் தானே படமெடுக்கும் காட்டுக் கேமராவுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதைத் திருடர்களிடமிருந்து காப்பதே ஒரு தனி வேலையாகிப் போனது கடந்த முப்பது ஆண்டுகளில்தான். தொடக்க காலக் கருவிகளை நீண்ட நேரம் தனியே விட்டுவைக்க முடியாதது அதற்கு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷைராஸ் ஒரு வழக்கறிஞர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மிச்சிகன் மாநிலத்தின் ஒயிட்ஃபிஷ் ஏரிப் பகுதியில் விலங்குத் தடங்களின் குறுக்கே கம்பி கட்டி, அதை கேமராவோடும் வெடித்து ஒளிரும் மெக்னீசியத் தூளோடும் இணைத்தார். கம்பியை இழுத்த விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அதே முறையை இந்தியாவில் புலிகளுக்குப் பயன்படுத்தியவர் ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன். சிவாலிக் மலையடிவாரக் காடுகளில் இரவில் நடமாடும் புலிகளை அவர் எடுத்த படங்கள் 1925இல் லண்டன் பத்திரிகையில் வந்தன, 1927இல் நூலாயின. உடல் வரிகளைக் கொண்டு ஒரு புலியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியலாம் என்பதையும் அவர் கண்டுகொண்டார். ஆனால் ஒரு முறை தூள் வெடித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. திரும்ப நிரப்ப ஆள் போயாக வேண்டும். அந்தக் கருவிக்குக் காவல், அதை இயக்கும் மனிதரின் வருகைதான்.

இந்தக் கட்டு அறுந்தது 1980களின் பிற்பகுதியில். அகச்சிவப்புக் கதிரை விலங்கு குறுக்கிட்டதும் இயங்கும் கருவிகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. மான் வேட்டைக்காரர்கள் அவற்றைத் தங்கள் வேட்டை நிலங்களில் கட்டினார்கள், ஆய்வாளர்களும் வாங்கினார்கள். கர்நாடகத்தின் நாகரஹோளேயில் உல்லாஸ் காரந்த் இத்தகைய கேமராக்களால் புலிகளைப் படமெடுத்து, எத்தனை புலிகள் மீண்டும் மீண்டும் சிக்குகின்றன என்ற கணக்கிலிருந்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிட்டார். அந்த ஆய்வுக்கட்டுரை 1995இல் வெளியானது. ஃபிலிம் சுருள் இருக்கும் வரை கேமரா நாள்கணக்கில் தனியே நின்றது. 2000க்குப் பிறகு டிஜிட்டல் கேமராவும் மெமரி கார்டும் வந்தன. நாள்கள் வாரங்களாயின, விலையும் இறங்கியது. பல ஆயிரம் ரூபாய் பெறும் பெட்டி ஒன்று காவலின்றி மரத்தில் தொங்குவது அப்போதுதான் வழக்கமாயிற்று.

திருட்டும் கூடவே வந்தது. 59 நாடுகளில் கேமரா வைத்து ஆய்வு செய்வோரிடம் பால் மீக் தலைமையிலான குழு நடத்திய கருத்துக்கணிப்பு 2019இல் வெளியானது. 2010க்கும் 2015க்கும் இடையில் திருட்டாலும் உடைப்பாலும் நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் என்று அது கணக்கிட்டது. கருத்துச் சொன்ன நானூற்றுச் சொச்சம் பேரின் இழப்பு மட்டுமே இது. வேட்டைக்காரர்கள் பறிகொடுத்தவை இதில் சேரவில்லை.

களவு என்று பொதுவாகச் சொன்னாலும் நோக்கங்கள் வேறு வேறு. கேமராவை விற்கவோ வைத்துக்கொள்ளவோ எடுப்பவர் ஒரு வகை. தன் முகம் பதிந்துவிட்டதே என்று அஞ்சி எடுப்பவர் இன்னொரு வகை: திருட்டு வேட்டைக்காரர், மரம் வெட்டுபவர், அனுமதியின்றிக் காட்டில் நுழைந்தவர். இவருக்குக் கேமரா தேவையில்லை, உள்ளே இருக்கும் கார்டு போதும். பூட்டைப் பார்த்து முதல் வகையினர் தயங்கக்கூடும். இரண்டாம் வகையினருக்குத் தயங்கி நிற்க வழியில்லை. பூட்டு உடையாவிட்டால் கேமராவைக் கல்லால் அடித்து நொறுக்குவார்கள்.

முதலில் வந்த தடுப்பு இரும்பு. கேமராவை எஃகுக் கூட்டுக்குள் வைத்து, கூட்டை நீண்ட திருகாணிகளால் மரத்தோடு முடுக்கி, முறுக்குக் கம்பி வடத்தைச் சுற்றிப் பூட்டினார்கள். கரடி கடிப்பதையும் யானை பிடுங்குவதையும் தடுக்க உருவான கூடுகளே மனிதர்களுக்கும் போதும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அது ஓரளவுக்குத்தான் பலித்தது. கம்பி வெட்டும் கருவியோடு வருபவருக்கு வடம் சில நிமிட வேலை. தவிர, பளபளக்கும் பூட்டே உள்ளே விலையுள்ள பொருள் இருப்பதை ஊருக்குச் சொல்லிவிடும். பின்னர் உற்பத்தியாளர்கள் கடவுச்சொல் பூட்டைச் சேர்த்தார்கள். எண் தெரியாதவருக்குக் கேமரா இயங்காது. களவுப் பொருளின் மதிப்பு இதனால் குறைந்தது; ஆனால் பெட்டியைக் கழற்றிய பிறகே கள்வருக்கு அது தெரியவரும்.

அடுத்த உத்தி மறைவு. வெள்ளை ஃபிளாஷ் இருட்டில் கேமராவின் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அதன் இடத்தில் வந்த 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும் உற்றுப் பார்த்தால் மங்கிய செந்நிறப் புள்ளிகளாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அதன் ஒளி எட்டும் தூரம் குறைவு. வேட்டைக்காரர்கள் கேமராவை ஆள் உயரத்துக்கு மேல், பத்தடிக்கும் கூடுதலான உயரத்தில் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். நடப்பவர் கண் பொதுவாக அந்த உயரத்துக்குப் போவதில்லை. சிலர் பழுதான கேமராவைக் கண்ணில் படும்படி கட்டிவிட்டு, அதைத் தொடுபவரைப் படமெடுக்க மேலே இன்னொன்றை ஒளித்துவைத்தார்கள்.

புலிக் கணக்கெடுப்புக்கு இந்த உத்திகளில் பாதி உதவாது. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வரிகள் பக்கவாட்டில் தெளிவாகப் பதிய வேண்டுமானால் கேமரா முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு புலியின் இடப்புற வரிகளும் வலப்புற வரிகளும் வேறானவை. எனவே தடத்தின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் வேண்டும். ஓடும் விலங்கின் வரிகள் கலங்காமல் பதிய வெள்ளை ஃபிளாஷே மேல். புலி விரும்பி நடக்கும் வழிகள் காட்டுச் சாலைகளும் ஒற்றையடிப் பாதைகளும். மனிதர்களும் அவற்றில்தான் நடக்கிறார்கள். ஆக, ஆய்வுக்கு எது நல்லதோ அது கள்வருக்கும் வசதியாக அமைந்துவிடுகிறது. இணையில் ஒன்று போனால் அந்த இடத்தின் படங்களில் ஒரு பக்கம் குருடு. எத்தனை இரவுகள் கேமரா விழித்திருந்தது என்பதும் மதிப்பீட்டின் ஓர் அங்கம் என்பதால், போன இரவுகள் கணக்கையே பலவீனப்படுத்துகின்றன.

இந்தியாவில் இந்தக் கேமராக்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லாமல் போனது 2005இல் வெளிச்சத்துக்கு வந்த பின், கால்தடக் கணக்கெடுப்பு கைவிடப்பட்டு 2006 முதல் கேமரா முறை நாடு முழுவதும் வந்தது. 2018-19 கணக்கெடுப்பில் முதுமலை, ஆனைமலை உள்ளிட்ட காடுகளில் மொத்தம் 26,838 இடங்களில் கேமராக்கள் நின்றன. பதிந்த படங்கள் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலிகள் 76,651 படங்களில்தான். எஞ்சியவை பிற விலங்குகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதால், கேமராவைத் தொடுவதற்கு முன்பே கள்வர் சட்டத்தை மீறியிருப்பார். ஆயினும் அங்கே கேமராவுக்கு உண்மையான காவல் சட்டமோ பூட்டோ அல்ல, அந்த வழியில் அடிக்கடி நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களே.

எல்லா அழிப்பும் களவல்ல என்பதை கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்கள் காட்டின. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் செல்லும் பெண்கள் கேமராக்களில் பதிந்தார்கள். 2017இல் காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் உள்ளூர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் பரவியது. ஊரார் கண்ணில் பட்ட கேமராக்களை உடைத்துக் கொளுத்தினார்கள். அங்கே 14 மாதங்கள் தங்கி ஏறத்தாழ 270 பேரிடம் பேசிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய், 2024இல் வெளியிட்ட ஆய்வில் இதன் பின்விளைவுகளையும் பதிவுசெய்தார். பெண்கள் விலங்குகளை விலக்க உரக்கப் பேசியும் பாடியும் நடப்பவர்கள். கேமரா கேட்கும், பார்க்கும் என்ற அச்சத்தில் அடங்கிப்போனார்கள். சிலர் கேமராவைத் தவிர்க்க அறிமுகமில்லாத உட்காடுகளுக்குச் சென்றார்கள். யானையும் புலியும் எதிர்ப்படும் ஆபத்து அங்கே கூடுதல். இந்தக் கோபத்தை எஃகுக் கூடு தடுக்காது. கேமரா எங்கே இருக்கிறது, படம் யார் கைக்குப் போகும் என்று ஊரிடம் முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை தணிந்திருக்கலாம்.

சொல்லிப் பார்ப்பது வேலை செய்யும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சோதனை உண்டு. மியூனிக் நகரப் பூங்காக்களில் ஆய்வாளர்கள் போலி ஆய்வுக் கருவிகளை வைத்து, மூன்று விதமான சீட்டுகளை ஒட்டினார்கள். ஒன்றில் நட்பான தனிப்பட்ட வேண்டுகோள், இன்னொன்றில் வெறும் தகவல், மூன்றாவதில் மிரட்டல். 2014இல் வந்த முடிவு: நட்பாகக் கேட்டுக்கொண்ட சீட்டுள்ள கருவிகளே குறைவாகத் தொடப்பட்டன. எங்கும் எச்சரிக்கைப் பலகை வைத்தே பழகிய அலுவலகங்களுக்கு இது சற்றுச் சங்கடமான முடிவுதான்.

  

அண்மைக் காலத்தில் வந்தவை சிம் கார்டு பொருத்திய கேமராக்கள். எடுத்த படத்தை உடனே கைபேசிக்கு அனுப்பிவிடுவதால், கள்வர் பெட்டியைக் கொண்டுபோனாலும் அவர் முகம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். திருட்டு வேட்டையைப் பிடிப்பதற்கென்றே உருவான டிரெயில்கார்டு ஏஐ என்ற கருவியின் கேமரா எளிதில் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. படத்தில் இருப்பது மனிதரா விலங்கா என்று அதுவே பிரித்தறிந்து செய்தி அனுப்புகிறது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா - பெஞ்ச் பகுதியில் அது புலிகளையும் படமெடுத்து அனுப்பியது. இவை அனைத்துக்கும் கைபேசி அலைவரிசை வேண்டும். அது எட்டாத உட்காடுகளில் கேமராக்கள் இன்னும் கார்டிலேயே படங்களைச் சேமிக்கின்றன. கார்டையும் பேட்டரியையும் மாற்றக் காவலர்கள் நடந்துதான் போகிறார்கள்.