வட்டம் காட்டுவதும் வரையச் சொல்வதும்: நூலகத் தேடல் பயிற்சியில் காட்சி முறைகள்

கல்லூரி நூலகத்தின் அறிமுக வகுப்பில் தேடல் முறையை விளக்கத் திரையில் வருவது பெரும்பாலும் வென் படம்தான். தருக்கத்திற்காக ஜான் வென் 1880-இல் முன்வைத்த வட்டங்கள் இன்று தரவுத்தளப் பாடமாகிவிட்டன. ஒன்றை அவை நன்றாகவே கற்பிக்கின்றன. இரு சொற்களை ‘அண்ட்’ போட்டு இணைத்தால் முடிவுகள் பெருகும் என்று நினைத்திருந்த மாணவர், வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் சிறு பகுதியைப் பார்த்ததும் அவை குறையும் என்று புரிந்துகொள்கிறார்.

ஆனால் வட்டத்துக்குள் எழுத வேண்டிய சொல் எங்கிருந்து வரும்? தேடுசொற்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டே வென் படம் தொடங்குகிறது. மாணவர் தடுமாறுவதோ அதற்கும் முந்தைய படியில். ஆகவே நூலகர் காட்டும் படத்தைவிட மாணவர் தாமே வரையும் படத்துக்குத்தான் பயன் மிகுதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாகப்பட்டினம் கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாவது பற்றி ஒரு மாணவர் எழுதப்போகிறார் என்று கொள்வோம். தேடல் பெட்டியில் ‘நிலத்தடி நீர்’, ‘உப்பு’ என்று தட்டுவதோடு அவர் நின்றுவிடுவார். அவரிடமே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தலைப்பை நடுவில் எழுதித் தொடர்புள்ளவற்றை அம்புக்குறியால் இணைக்கச் சொன்னால் ஆழ்துளைக் கிணறு வரும், இறால் பண்ணை வரும், 2004 ஆழிப்பேரலையும் வரும். ஒவ்வோர் அம்பின்மேலும் அது என்ன உறவு என்று எழுத வைக்க வேண்டும். 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் உருவாக்கிய கருத்துப்படத்துக்கு உயிரே அந்த உறவுச்சொல்தான். அது இல்லையேல் மிஞ்சுவது சொற்பட்டியல். ‘காரணம்’ என்று எழுதப்போகும் கை சற்றுத் தயங்கும்: பண்ணையா, மிகையாக நீர் இறைத்ததா? ஆய்வுக் கேள்வி அங்கே பிறக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்க வகுத்த ஐந்து அடிப்படை வகைமைகளில் இடமும் காலமும் உண்டு. படத்தில் இவ்விரண்டுக்கும் கிளை இருக்கிறதா என்று கேட்டாலே தேடல் பாதி கூர்மையாகிவிடும். அந்த வகைமைகளை நூலக அறிவியல் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைக்கும் நாம் தேடல் வகுப்புக்குக் கொண்டுவராதது வியப்புதான்.

படம் நூலகருக்கும் பாடம். பெரும்பாலான மாணவர்கள் நூலகத்தை முதலில் அச்சத்தோடு அணுகுவதையும், தம் அறியாமை வெளிப்படுமே என்று கேள்வி கேட்கத் தயங்குவதையும் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் மெலன் 1986-இல் எடுத்துக்காட்டினார். வாய் திறந்து கேட்காதவரின் தாளில் வெற்றிடம் கண்ணில் படும். ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் கேமராவையும் வளாக வரைபடத்தையும் கொடுத்தது, அவர்கள் வாயால் சொல்லாததை அறியத்தான்.

அறுபது பேர் உள்ள வகுப்பில், ஒரு மணி நேரத்தில் இப்படி வரைய வைப்பது நடக்குமா என்ற தடை நியாயமானது. நடக்காது, இரண்டு அமர்வாவது வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர், கிளைகளை வாய்மொழியாகச் சொல்லி நண்பரைக் கொண்டு பதியலாம். மதிப்பெண் படத்தின் அழகுக்கு அன்று. தேடலுக்கு முன் நீல மையிலும், இரண்டு கட்டுரைகளைப் படித்தபின் அதே தாளில் சிவப்பு மையிலும் வரையச் சொல்லி, சிவப்பில் சேர்ந்த சொற்களையும் அடிக்கப்பட்ட அம்புகளையும் மட்டும் ஆசிரியர் மதிப்பிட்டால் போதும்.