சகப்பிணைப்புக் கருத்தின் வரலாறு

இரண்டு அணுக்கள் தங்களுக்குள் எலக்ட்ரான் இணையைப் பங்கிட்டுக்கொள்வதால் உண்டாகும் பிணைப்பு சகப்பிணைப்பு எனப்படும். இலங்கைத் தமிழில் இதைப் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்பர். இன்று ஓரிரு பாடவேளைகளில் கற்பித்து முடிக்கப்படும் இக்கருத்து உருவாக ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், அணுக்கள் எதிரெதிர் மின்தன்மையால் சேர்கின்றன என்றார். சோடியம் குளோரைடுக்கு இது பொருந்தும். ஆனால் ஹைட்ரஜன் மூலக்கூறில் இருப்பவை ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். எது கொடுக்கும், எது வாங்கும்? 1858இல் கெகுலேயும் கூப்பரும் கார்பனின் இணைதிறன் நான்கு என்றும், கார்பன் அணுக்கள் தமக்குள்ளேயே இணையும் என்றும் காட்டினர். கூப்பர் அணுக்களுக்கிடையே கோடும் வரைந்தார். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பதற்கு மட்டும் விடையில்லை. 1897இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்ட பின்னரே விடை தேட வழி பிறந்தது.

அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1902இல் ஹார்வர்டில் கற்பித்துக்கொண்டிருந்தார். அப்போது அணுவை ஒரு கனசதுரமாகவும், அதன் எட்டு மூலைகளை எலக்ட்ரான்களுக்குரிய இடங்களாகவும் குறிப்புத் தாளில் வரைந்தார். அதை வெளியிட 14 ஆண்டுகள் ஆயின. 1916இல், பெர்க்லியில் பணியாற்றியபோது, பிணைப்பு என்பது பங்கிடப்பட்ட எலக்ட்ரான் இணையே என்று எழுதினார். இரு கனசதுரங்கள் ஒரு விளிம்பைப் பங்கிட்டால் இரண்டு எலக்ட்ரான்கள் பொதுவாகும். அது ஒற்றைப் பிணைப்பு. ஒரு முகத்தைப் பங்கிட்டால் நான்கு எலக்ட்ரான்கள். அது இரட்டைப் பிணைப்பு. நைட்ரஜனின் முப்பிணைப்புக்கோ ஆறு எலக்ட்ரான்கள் பொதுவாக வேண்டும். இரு கனசதுரங்களை எப்படி ஒட்டினாலும் ஆறு மூலைகளைப் பொதுவாக்க முடியாது. எனவே அதே கட்டுரையில் லூயிஸ் எலக்ட்ரான்களை இணை இணையாகச் சேர்த்து நான்முகியின் மூலைகளில் வைத்தார். தம் சொந்தப் படத்தையே விட்டுக்கொடுத்த இந்த நேர்மையைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

1919இல் இர்விங் லாங்முயிர் இக்கருத்தை விரிவாக்கி, இப்பிணைப்புக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோவேலன்ட்’ என்ற பெயருக்கு அடிப்படையான சொல்லையும் உருவாக்கினார். அவர் சிறந்த பேச்சாளர். கொள்கை ‘லூயிஸ்–லாங்முயிர் கொள்கை’ என்றும், சில இடங்களில் லாங்முயிர் பெயரால் மட்டுமே கூடவும் அழைக்கப்பட்டது. இது லூயிஸுக்கு மனக்கசப்பைத் தந்தது. அதில் நியாயம் இருந்தது. லாங்முயிர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். அது மேற்பரப்பு வேதியியலுக்காக. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் லூயிஸுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. 1946இல் தம் ஆய்வகத்திலேயே அவர் இறந்தார்.

ஒரு கேள்வி மீதமிருந்தது. எதிர்மின்சுமை கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்காமல் ஏன் இணை சேர வேண்டும்? மிகக் குறுகிய தொலைவில் கூலூம் விதி பொருந்தாமற்போகலாம் என்று லூயிஸ் ஐயுற்றார். அந்த ஐயம் தேவைப்படவில்லை. 1927இல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலை ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் பயன்படுத்தினர். எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரு எலக்ட்ரான்கள் இரு அணுக்கருக்களுக்கும் பொதுவாகும்போது மொத்த ஆற்றல் குறைகிறது என்று அவர்கள் காட்டினர். இவ்வழியை வளர்த்த லைனஸ் பாலிங், வேதிப்பிணைப்பு பற்றிய தம் 1939ஆம் ஆண்டு நூலை லூயிஸுக்கே காணிக்கையாக்கினார்.

புள்ளிப் படத்துக்கும் எல்லை உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறை அவ்வாறு வரைந்தால் எலக்ட்ரான்கள் அனைத்தும் இணையாகிவிடும். ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்கும். இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் அதில் இருப்பதே காரணம். இந்த முரண்பாட்டை லூயிஸும் அறிந்திருந்தார். பின்னர் வந்த மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையே இதற்கு விளக்கம் தந்தது.