நாட்பட்ட நோய்: நோயாளியின் பயிற்சியும் குடும்பத்தின் பங்கும்

நாட்பட்ட நோயில் அன்றாடக் கவனிப்பு நோயாளியின் கையில்தான் இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய நோய் நீரிழிவு. பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1918இல் வெளியிட்ட கையேடு மருத்துவர், நோயாளி இருவருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. 1922இல் இன்சுலின் சிகிச்சை தொடங்கியபின் ஊசி போடுவதும், சிறுநீரில் சர்க்கரையைச் சோதிப்பதும், உணவை நிறுத்துப் பரிமாறுவதும் வீட்டு வேலைகளாயின. ஆய்வுலகம் இவ்வேலையைத் தனிப்பொருளாகக் கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது.

1970களின் இறுதியில், செவிலியரும் பொதுச் சுகாதார ஆய்வாளருமான கேட் லோரிக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூட்டுவாத நோயாளிகளுக்கான பயிற்சியை உருவாக்கினார். வகுப்பெடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள், அவர்களுள் பலர் அதே நோயுடையோர். பயிற்சியால் வலி குறைந்தது. ஆனால் உடற்பயிற்சியை விடாமல் செய்தவர்களுக்குத்தான் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. 1989இல் வெளியான கட்டுரை இதை ஒளிக்காமல் பதிவுசெய்தது. நோயை ஓரளவு தம்மால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்தவர்களே பயனடைந்திருந்தனர். அதே பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் முன்வைத்த, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையே செயலைத் தூண்டுகிறது என்ற கோட்பாடு இதற்கு விளக்கம் தந்தது.

அதன்பின், அந்நம்பிக்கையை வளர்க்கும்படி வகுப்பின் அமைப்பும் மாறியது. ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கான ஒரு செயலைத் தாமே தேர்ந்தெடுப்பார்: வாரம் மூன்று நாள், காலைச் சாப்பாட்டுக்கு முன் தெருமுனை வரை நடப்பது என்பதுபோல. செய்துமுடிக்கும் நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கப்படும். ஏழுக்குக் கீழ் என்றால் திட்டம் எளிதாக்கப்படும். பயிற்சி பெற்றவர்களை நான்காண்டு கழித்துப் பார்த்தபோது வலி சுமார் 20 விழுக்காடும், மருத்துவரிடம் செல்வது 40 விழுக்காடும் குறைந்திருந்தன. உடல் இயலாமை மட்டும் 9 விழுக்காடு கூடியிருந்தது. நோய் முற்றிக்கொண்டிருந்தபோதே வலி தணிந்தது என்பதுதான் 1993இல் வெளியான இம்முடிவின் முக்கியத்துவம்.

1999 வாக்கில் பல நோயினருக்கும் ஒரே வகுப்பு போதும் என்று காட்டப்பட்டது. இங்கிலாந்து அரசு இதை நாடுதழுவிய திட்டமாக்கியது. அங்கு 629 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2007இல் வெளியானது: நம்பிக்கையும் உற்சாகமும் கூடின, மருத்துவச் சேவையின் பயன்பாடு குறையவில்லை.

இவ்வளவிலும் குடும்பம் ஓரமாகவே நின்றது. ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் தம்பதியரிடம் பேசி 1988இல் எழுதிய நூல், நோயை நடத்துவது கணவன் மனைவி இருவரின் உழைப்பு என்று காட்டியிருந்தது. அந்நூல் பிரித்துக்காட்டிய மருத்துவப் பணி, வாழ்க்கைப் பணி, மனப் பணி மூன்றையும் லோரிக் எடுத்துக்கொண்டார். ஆயினும் வகுப்பின் மையமாகத் தனிநோயாளியே நீடித்தார்.

குடும்ப ஆதரவு எப்போதும் நன்மையே என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் அசைத்தன. அமெரிக்காவின் நாஷ்வில்லில் லிண்ட்சே மேபெரியும் சந்திரா ஆஸ்போர்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவைப் பற்றி நன்கு அறிந்த வீட்டாரே இடையூறாகவும் இருந்தனர். ஆகாத தின்பண்டத்தைக் கண்முன் வைப்பது, ஓயாமல் நச்சரிப்பது போன்றவை மிகுந்த வீடுகளில் மருந்து ஒழுங்காக உட்கொள்வது குறைந்திருந்தது.

மிச்சிகனில் ஜான் பியெட், ஆன்-மேரி ராஸ்லண்ட் ஆகியோரின் பணி, உறவினருக்கே பயிற்சி தரும் திசையில் நகர்ந்தது. தானியங்கித் தொலைபேசி அழைப்புக்கு நோயாளி சொன்ன பதில்களின் சுருக்கம், வேறு வீட்டில் வசிக்கும் உறவினருக்கு, செய்யவேண்டியது இன்னது என்ற குறிப்புடன் சென்றது. பின்னர் நீரிழிவுள்ள முன்னாள் படைவீரர்களிடம் ராஸ்லண்ட் குழு நடத்திய சோதனையில் நோயாளிகளின் ஈடுபாடு கூடியது. ஓராண்டில் இதயநோய் அபாயத்தில் வேறுபாடு தென்படவில்லை.