விலை மாறவில்லை, எடை குறைந்தது: பொட்டலத்தில் மறையும் விலையேற்றம்

பிஸ்கட், சிப்ஸ், சோப்பு போன்ற அன்றாடப் பொருள்களை ரூ.5, ரூ.10 விலைகளில் சிறு பொட்டலங்களாக விற்பது இந்தியச் சந்தையில் வேரூன்றிய உத்தியாகும். இந்த விலைகள் வாங்குவோர் மனதில் பதிந்துவிட்டதால், மூலப்பொருள்களின் விலை உயரும்போது நிறுவனங்கள் பல நேரங்களில் விலையை விட்டுவிட்டு எடையைக் குறைக்கின்றன.

எடுத்துக்காட்டாக, ரூ.10 பொட்டலத்தின் எடை 60 கிராமிலிருந்து 50 கிராமாகக் குறைந்தால், ஒரு கிராமின் விலை சுமார் 16.7 காசிலிருந்து 20 காசாக உயர்கிறது. அதாவது, விலையேற்றம் 20 சதவீதம். பெயரும் உறையின் நிறமும் பழையபடியே இருப்பதால் இம்மாற்றம் எளிதில் கண்ணில் படுவதில்லை.

பொட்டலப் பொருள்களில் நிகர எடை, அனைத்து வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை (எம்.ஆர்.பி.) ஆகியவற்றை அச்சிட வேண்டும் என சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011 கூறுகின்றன. பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய் உள்ளிட்டவற்றுக்கு வரையறுக்கப்பட்டிருந்த பொட்டல அளவுகள் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டன. அதே திருத்தம், ஒரு கிராம், கிலோ, மில்லி லிட்டர் அல்லது லிட்டருக்கான 'அலகு விற்பனை விலை'யைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது.

பெரிய பொட்டலமோ சலுகைப் பொட்டலமோ எப்போதும் மலிவானதாக இருப்பதில்லை. எம்.ஆர்.பி.க்கு அருகில் உள்ள அலகு விலையை ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாக வசூலித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.