சிம்னி துடைக்க வந்த தம்பியும் ஒரு சிறு வரலாறும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறை சிம்னியைச் சுத்தம் செய்ய ஒரு தம்பி வந்தான். மீசை அரும்பும் வயது. கையுறை இல்லை. பையில் லேபிள் இல்லாத ஒரு பாட்டில். வந்ததும் அடுப்பு மேடையில் ஏறி நின்று, விசிறி இருக்கும் இடத்துக்குள் கையை விட்டான்.

"தம்பி, பிளக்கைப் பிடுங்கினியா?" என்றேன்.

"ரெண்டு நிமிஷ வேலை சார், ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கு" என்று சிரித்தான்.

"இந்த வேலைய யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"அண்ணன்கூட நாலு நாள் போனேன் சார். அஞ்சாவது நாள் தனியா அனுப்பிட்டாங்க."

அவனைக் கீழே இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, மோர் கொடுத்து உட்கார வைத்தேன். அவனிடம் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் வட சென்னை புகைபோக்கிகளோடு வளர்ந்த ஊர். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நீராவி ரயில் ஓடியது. பின்னால் பக்கிங்காம் மில், கர்நாடிக் மில், பேசின் பிரிட்ஜ் மின் நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. 2017 மார்ச்சில் மூடப்பட்டது. மொட்டை மாடியில் வடாம் காயவைத்தால் அதன் மேல் கரி படியும் என்பது இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரியும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் துணி உலர்த்துவார்கள்.

ஆனால் அந்தப் புகை வரும் வழியை யார் சுத்தம் செய்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று முதலில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது லண்டன் வரலாறு.

அங்கே வீடுகளில் நிலக்கரி எரித்துக் குளிர் காய்ந்தார்கள். குழாயில் படிந்த கரி தீப்பற்றும்; வீடே எரிந்துபோகும். அதனால் அடிக்கடி சுரண்ட வேண்டும். குழாயின் அகலம் பல வீடுகளில் 9 அங்குலத்துக்கு 14 அங்குலம்தான். பெரியவர் நுழைய முடியாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் உள்ளே ஏற்றினார்கள். முழங்காலும் முழங்கையும் உரிந்து புண்ணாகும். சிக்கிக்கொண்டவர்கள் மூச்சுமுட்டி உள்ளேயே இறந்தார்கள்.

1775ல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சிறுவயதில் புகைபோக்கிக்குள் ஏறியவர்களுக்கு, வளர்ந்த பிறகு விதைப்பையில் ஒருவகைப் புற்றுநோய் வருகிறது; தோல் மடிப்புகளில் தங்கும் கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது அப்போதுதான்.

தெரிந்த பிறகு என்ன நடந்தது? 1788ல் ஒரு சட்டம்: எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை இந்த வேலைக்குச் சேர்க்கக் கூடாது. 1834ல் இன்னொன்று. 1840ல் இன்னொன்று: 21 வயதுக்குக் குறைந்தவர் ஏறவே கூடாது. 1864ல் மறுபடி ஒன்று. சட்டம் ஏட்டில் இருந்தது, பிள்ளைகள் குழாயில் இருந்தார்கள். நீளக் கழியோடு கூடிய துடைப்பம் 1803லேயே வந்துவிட்டது. ஆனால் வளைந்த குழாய்க்குத் துடைப்பம் சரிப்படாது, குழாயை மாற்றிக் கட்டினால் செலவு என்று வீட்டுக்காரர்கள் தட்டிக்கழித்தார்கள். பிள்ளை மலிவு.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைபோக்கிக்குள் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற பதினோரு வயதுச் சிறுவன் சிக்கினான். சுவரை இடித்து வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. அவனை அனுப்பியவருக்கு ஆறு மாதக் கடுங்காவல். அதே ஆண்டு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம்தான் நிலைத்தது. அந்தச் சட்டம் புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று. இந்தத் தொழில் செய்பவர் போலீசில் பதிந்து உரிமம் வாங்க வேண்டும் என்றது. உரிமம் பறிபோகும் என்ற பயம் வந்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எண்பத்தேழு ஆண்டுகள் செய்ய முடியாததை ஒரு காகிதம் செய்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கல்கத்தாவில் 1863ல் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. பிறகு ஒவ்வொரு மாகாணமும் தனித்தனி விதி போட, 1923ல் நாடு முழுமைக்கும் ஒரே பாய்லர் சட்டம் இயற்றினார்கள். ஆண்டுதோறும் ஆய்வு, சான்றிதழ் பெற்ற ஆள் பொறுப்பில்தான் பாய்லர் ஓட வேண்டும்.

எங்கள் அப்பா அப்படி ஓர் ஆள். திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கரி அள்ளிப்போடும் கூலியாகச் சேர்ந்து, இரவில் படித்து, பரீட்சை எழுதி, இரண்டாம் வகுப்புப் பாய்லர் அட்டெண்டண்ட் சான்றிதழ் வாங்கினார். அந்தக் காகிதம் எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. என் பட்டச் சான்றிதழ் இன்றுவரை டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.

வருடாந்திர ஆய்வுக்கு முன்னால் பாய்லரை அணைத்து, புகை போகும் செங்கல் வழிக்குள் ஆட்கள் இறங்கிக் கரியும் சாம்பலும் வாருவார்கள். கரி படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, நிலக்கரி வீணாகும். அதனால் முதலாளிக்கும் இந்த வேலை அவசியம். ஆனால் சீக்கிரம் முடிய வேண்டும். ஒரு வருடம், சூடு முழுவதும் ஆறும் முன்பே ஆட்களை இறங்கச் சொன்னார்கள். பக்கத்துப் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே புகைபோக்கி. அதன் புகை இந்தப் பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பவனுக்கு மயக்கம் வருவதுகூடத் தெரியாது.

அப்பா முடியாது என்றுவிட்டார். "சட்டத்துல இருக்குதுங்க" என்றாராம். உண்மையிலேயே இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தொட்டி, குழாய், புகைவழி போன்ற இடங்களைப் பற்றியதாக இருந்தது. உள்ளே விஷவாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டியிருந்தது. இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சூடு ஆறிய பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். கயிற்றின் மறுமுனையை அப்பாவே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மாதம் அவருக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். அம்மா கோபித்துக்கொண்டாள். அவர் சொன்னது ஒரே வரி: "உள்ள போனவன் வூட்லயும் புள்ளைங்க இருக்குதுங்க."

பராமரிப்பைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. 1980களில் அரசு 'புகையில்லா அடுப்பு' திட்டம் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? புகைக்குழாய் வைத்த மண் அடுப்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் பல வீடுகளில் குழாய் கரியால் அடைத்துக்கொண்டது. அதைச் சுத்தம் செய்ய யாரும் சொல்லித் தரவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அம்மாக்கள் பழையபடி மூன்று கல் அடுப்புக்கே திரும்பினார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் பராமரிப்பை மறந்தால் எந்தக் கருவியும் அப்படித்தான் ஆகும்.

இன்று நம் வீட்டுச் சிம்னியில் படிவது கரி அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு. கீழே அடுப்புத் தீ. பிசுக்கு ஏறிய குழாயில் தீ பிடித்தால் மேலே வரை ஓடும். அதனால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வடிகட்டித் தகட்டை மாதம் ஒருமுறை கழற்றிச் சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு நீங்களே கழுவுங்கள். அலுமினிய வலையாக இருந்தால் காஸ்டிக் சோடா வேண்டாம், அரித்துவிடும். விசிறி, மோட்டார், குழாய் வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். எங்கே கற்றார், எந்த மருந்து கொண்டுவந்திருக்கிறார், குழாயையும் திறப்பாரா, மேல்தகட்டை மட்டும் துடைப்பாரா என்று கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இருநூறு ரூபாய் குறைவாகக் கேட்கிறார் என்பதற்காகத் தெரியாதவரை ஏற்றாதீர்கள். அந்த இருநூறு ரூபாயை யாரோ ஒரு பிள்ளை தன் கையாலோ கண்ணாலோ கட்டுவான்.

அந்தத் தம்பி கதை முழுவதும் கேட்டான். பிறகு என் பழைய ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வேலை செய்தான். லேபிள் இல்லாத பாட்டிலை நான் திறக்கவிடவில்லை. ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது, "சார், இதுக்குன்னு எங்கயாவது கோர்ஸ் இருக்குதா?" என்று கேட்டான்.

ஐ.டி.ஐ.யில் ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இருவர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரியும். என்னைக் கூப்பிடுங்கள். அவன் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.