தூக்குமேடைக்கு முந்தைய ஆண்டுகள்: மரண தண்டனையும் கொடுமையின் அளவுகோலும்

1890-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மரண தண்டனை பற்றி இரண்டு தீர்ப்புகளை அளித்தது. மார்ச் மாதம் வந்தது மெட்லி வழக்கு. மரண தண்டனைக் கைதியைக் கடைசி நாள்வரை தனிமைச் சிறையில் வைக்கவும், தூக்கிலிடும் நாளையும் நேரத்தையும் அவருக்குச் சொல்லாமல் மறைக்கவும் கொலராடோ மாநிலம் புதிதாகச் சட்டம் இயற்றியிருந்தது. எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமல் நான்கு வாரம் கிடப்பது மனிதருக்கு நேரக்கூடிய மிகப் பயங்கரமான மனநிலைகளில் ஒன்று என்றது நீதிமன்றம். குற்றம் நடந்த பிறகு பிறந்த சட்டம் என்பதால் அந்தக் கைதி விடுதலையே ஆகிவிட்டார். மே மாதம் கெம்லர் வழக்கு. தூக்குக்கு மாற்றாக நியூயார்க் கொண்டுவந்த மின்நாற்காலி கொடிய தண்டனையா என்பது கேள்வி. சித்திரவதையும் நீண்டு இழுக்கும் சாவும்தான் கொடுமை, உயிரைப் போக்குவது மட்டுமே கொடுமையாகாது என்று விளக்கம் தந்த நீதிமன்றம், மாநிலச் சட்டத்தில் தலையிட மறுத்தது. ஆகஸ்ட் 6 அன்று ஆபர்ன் சிறையில் முதல் முறை பாய்ச்சிய மின்சாரம் கைதியைக் கொல்லவில்லை. இரண்டாவது முறை பாய்ச்சினார்கள்.

மெட்லி காலத்தைப் பார்த்தது. கெம்லர் கருவியைப் பார்த்தது. அடுத்த நூறாண்டுக்கும் மேலாக அமெரிக்கச் சட்டம் கெம்லர் காட்டிய பாதையிலேயே நடந்தது. அது தவறான தேர்வு என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்றைய மரண தண்டனையின் கொடுமை கொல்லும் கருவியில் இருப்பதைவிடக் காத்திருக்கும் ஆண்டுகளில்தான் அதிகம் இருக்கிறது. இதை முதலில் தெளிவாகச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் பிறந்தது.

கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனைகளைத் தடுக்கும் விதி அமெரிக்கர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1689-ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சாசனத்திலிருந்து அது வந்தது. பொய்ச்சாட்சி சொல்லிப் பலரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய டைட்டஸ் ஓட்ஸ் என்பவருக்கு 1685-இல் கசையடி, ஆயுள் சிறை, ஆண்டுதோறும் பொது இடத்தில் கட்டையில் பூட்டி நிறுத்துதல் என்று அடுக்கடுக்காக விதித்த தண்டனை அந்தச் சாசனத்தின் பின்னணியில் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். 1791-இல் எட்டாவது திருத்தமாக அது அமெரிக்க அரசியலமைப்பில் ஏறியது. அதே ஆண்டு சேர்ந்த ஐந்தாவது திருத்தமோ உரிய சட்ட நடைமுறையின்றி உயிரைப் பறிக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் நடைமுறையோடு பறிக்கலாம் என்றாகிறது. மரண தண்டனை ஆதரவாளர்களின் வலுவான ஆதாரம் இதுதான்.

1958-இல் டிராப் வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வேறொரு அளவுகோலைத் தந்தார். சமூகம் முதிர முதிர நாகரிக உணர்வும் வளரும். தண்டனையை அந்த உணர்வைக் கொண்டு அளக்க வேண்டும் என்றார். வழக்கு மரண தண்டனை பற்றியதே அல்ல, குடியுரிமைப் பறிப்பு பற்றியது. 1972-இல் ஃபர்மன் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நடப்பிலிருந்த மரண தண்டனைச் சட்டங்கள் வீழ்ந்தன. ஒன்பது நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். யாருக்கு மரணம், யாருக்குச் சிறை என்பது இடி விழுவதைப் போலத் தற்செயலாக இருக்கிறது என்பது நீதிபதி ஸ்டீவர்ட்டின் வாதம். நான்கே ஆண்டுகளில் கிரெக் வழக்கு மரண தண்டனையை மீட்டெடுத்தது.

அதன்பின் பேச்சு கருவிக்குத் திரும்பியது. 1982-இல் டெக்சாஸ் முதன்முதலாக நச்சு ஊசி போட்டது. பார்ப்பவருக்கு மருத்துவமனைக் காட்சி போலவே இருந்தது. அதுதான் அதன் கவர்ச்சி. 2015-இல் குளாசிப் வழக்கும் 2019-இல் பக்லூ வழக்கும் விசித்திரமான ஒரு நிபந்தனையை உறுதிசெய்தன. தன்னைக் கொல்லும் முறை கொடியது என்று வாதிடும் கைதி, அதைவிட வலி குறைந்த, நடைமுறைக்கு ஒத்துவரும் வேறொரு முறையைத் தானே காட்ட வேண்டும். தன் சாவுக்கான திட்டத்தைத் தானே எழுதித்தரும் நிலை! 2022 நவம்பரில் அலபாமாவில் ஒரு கைதிக்கு ஊசி ஏற்ற இரத்தநாளம் கிடைக்காமல் முயற்சியைக் கைவிட்டனர். 2024 ஜனவரி 25 அன்று அதே மனிதரை, அதுவரை எங்கும் கையாளாத நைட்ரஜன் வாயு முறையில் கொன்றனர். ஒவ்வொரு புதிய கருவியும் பழையதைவிட மனிதாபிமானமானது என்ற விளம்பரத்தோடுதான் வருகிறது.

பக்லூ தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், வலியில்லாத சாவுக்கு அரசியலமைப்பு உத்தரவாதம் தரவில்லை என்றார். வழக்கத்துக்கு மாறானது எது என்பதை 1791-ஆம் ஆண்டின் பொருளில், அதாவது நெடுங்காலமாக வழக்கொழிந்துபோனது என்ற பொருளில், அவர் எடுத்துக்கொண்டார். நியாயம்தான், அந்த அளவுகோலையே காலத்தின் மீது வைத்துப் பார்க்கலாமே. 1752-ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டமொன்று, கொலைக்குற்றவாளியைத் தீர்ப்புக்கு மறுநாள் விட்டு அடுத்த நாளே தூக்கிலிடச் சொன்னது. எட்டாவது திருத்தத்தை எழுதியவர்கள் அறிந்த காத்திருப்பு நாட்களிலும் வாரங்களிலும் அடங்கியது. இன்று அமெரிக்கக் கைதிகள் பலர் 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து சாகிறார்கள். எழுதிய காலத்துப் பொருளையே பற்றி நிற்கும் அந்த வாதத்தின் சொந்தக் கணக்கிலேயே இதைவிட வழக்கத்துக்கு மாறானது எது? 1995-இல் லாக்கி வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் இந்தக் கேள்வியை எழுப்பினார். உச்ச நீதிமன்றம் இன்றுவரை அதற்கு முழு விசாரணை நடத்திப் பதில் சொல்லவில்லை.

இந்திய அரசியலமைப்பில் எட்டாவது திருத்தத்துக்கு இணையான விதி இல்லை. உயிரைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற மேனகா காந்தி தீர்ப்புக்குப் பிறகு, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-ஆம் பிரிவே அந்த வேலையைச் செய்கிறது என்று 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னார். திகார் சிறையின் மரண தண்டனைக் கைதியைத் தனிமையில் அடைத்ததை எதிர்த்த வழக்கு அது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 பிப்ரவரி 16 அன்று, வைத்தீஸ்வரன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். குற்றம் இரக்கத்துக்கு இடம் தரக்கூடியதல்ல. சென்னைக்கு வந்த வெளியூர்க்காரர்களைச் சுங்க அதிகாரிகள் போல நடித்துக் கடத்தி, தூக்க மாத்திரை கொடுத்து, பணத்தையும் நகையையும் பறித்துக்கொண்டு கொன்ற கும்பலின் மூளையாக இருந்தவர் வைத்தீஸ்வரன். நீதிபதி இதையெல்லாம் மழுப்பவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் 1975 ஜனவரியில் மரண தண்டனை பெற்ற அந்த மனிதர் எட்டு ஆண்டுகளாகத் தனிமைச் சிறையில் கிடந்தார். தண்டனை விதித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டால், 21-ஆம் பிரிவின்படி அதைக் குறைக்கக் கோரலாம் என்று தீர்ப்பு வந்தது. ஜமைக்காவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில், ரைலி வழக்கில் சிறுபான்மையாக நின்ற ஸ்கார்மன், பிரைட்மன் என்ற இரு பிரபுக்களின், நீண்ட தாமதம் கொடுமையாகும் என்ற மாறுபட்ட கருத்தை நீதிபதி துணைக்கு அழைத்துக்கொண்டார்.

இரண்டாண்டு விதியின் ஆயுள் ஐந்தே வாரம். ஷேர் சிங் வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, இப்படி ஆண்டுக்கணக்கில் கோடு போட முடியாது என்றது. 1989-இல் திரிவேணிபென் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வைத்தீஸ்வரன் தீர்ப்பின் விதியை ஒதுக்கினாலும், தாமதம் கொடுமையாகலாம் என்ற அதன் கருத்தை ஏற்றது.

உள்ளூரில் தோற்ற விதி வெளியூரில் வென்றது. 1993 நவம்பரில் பிராட், மோர்கன் என்ற ஜமைக்கா கைதிகளின் வழக்கில் பிரிவி கவுன்சில் தன் பழைய ரைலி தீர்ப்பையே கைவிட்டது. ஏறக்குறைய 14 ஆண்டுகளில் மூன்று முறை தூக்குக்கு நாள் குறித்து, தூக்குமேடையை ஒட்டிய அறைக்குக் கொண்டுபோய், ஒத்திவைத்துத் திருப்பியழைத்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காத்திருப்பு மனிதத்தன்மையற்றதாகக் கருத வலுவான காரணம் ஆகும் என்றது அந்தத் தீர்ப்பு. இந்தியத் தீர்ப்புகள் மூன்றையும் அது கருத்தில் எடுத்துக்கொண்டது. 1999-இல் நைட் வழக்கில் அமெரிக்க நீதிபதி பிரையர் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியபோது நீதிபதி தாமஸுக்கு எரிச்சல் வந்தது. அமெரிக்கச் சட்டத்தில் ஆதாரம் இருந்தால் ஐரோப்பா, ஜிம்பாப்வே, இந்தியா, பிரிவி கவுன்சில் என்று அலைய வேண்டியதில்லையே என்று எழுதினார். மெட்லி தீர்ப்பு அவர் நீதிமன்றத்தின் தொகுப்பிலேயே 109 ஆண்டுகளாக இருந்தது.

தாமஸின் இன்னொரு வாதம் கனமானது. முறையீட்டுக்கு மேல் முறையீடு போட்டுக் காலத்தை நீட்டுவது கைதிதானே, அந்தத் தாமதத்தைக் காட்டியே எப்படிக் குறைகூற முடியும்? பிராட் தீர்ப்பு இதற்குப் பதில் வைத்திருந்தது. உயிர்மேல் பிடிப்புள்ள எவரும் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தவே செய்வார். அது முடிவின்றி நீள இடம் தரும் அமைப்பின் மேல்தான் பழி.

இதைவிடச் சிக்கலான எதிர்ப்பு ஒன்று உண்டு. தாமதம் கொடுமை என்றால், அவசரம் கருணையா? கரீபியனில் நடந்தது அதுதான். ஐந்தாண்டு வரம்புக்குள் தூக்கிலிட வேண்டும் என்று ஜமைக்காவும் டிரினிடாடும் சர்வதேச மனித உரிமை முறையீட்டு ஏற்பாடுகள் சிலவற்றிலிருந்து விலகின. இந்தியாவில் 2013 பிப்ரவரி 9 அன்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் அப்சல் குருவைத் தூக்கிலிட்டபோது, அரசின் கடிதம் குடும்பத்தின் கைக்குச் சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில் தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு இந்த இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தது. கருணை மனுத் தாமதம் முதலான காரணங்களுக்காக 15 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கூடவே, மனு நிராகரித்த செய்தியைக் கைதிக்குத் தெரிவித்து 14 நாட்களாவது கழிந்த பின்னரே தூக்கிலிட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அடுத்த மாதம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தண்டனை குறைந்ததும் இதே அடிப்படையில்தான். 2000-இல் குடியரசுத் தலைவருக்குப் போன மனுக்களுக்கு 2011 ஆகஸ்டில்தான் பதில் வந்திருந்தது.

ஆனாலும் இந்தியக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. திரிவேணிபென் தீர்ப்பின்படி, கருணை மனு மேசையில் கிடந்த காலமே முக்கியமாகக் கணக்கில் வரும். நீதிமன்றங்களில் கழிந்த ஆண்டுகள் பெரும்பாலும் வராது. நடைமுறையில் இதற்குக் காரணம் சொல்லலாம், கோட்பாட்டில் சொல்வது கடினம். அறையில் கிடப்பவருக்குக் கோப்பு குடியரசுத் தலைவர் மாளிகையில் இருக்கிறதா, உயர் நீதிமன்றத்தில் இருக்கிறதா என்பதில் என்ன வேறுபாடு? 2024 டிசம்பர் 9 அன்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைச் சற்று நீட்டியது. கருணை மனு நிராகரிப்புக்கும் தூக்கு ஆணைக்கும் இடையே அரசு அலுவலகங்களும் அமர்வு நீதிமன்றமும் சுமார் இரண்டு ஆண்டுகளைக் கடத்தியதே தண்டனையைக் குறைக்கப் போதும் என்று ஏற்று, கருணை மனுக்களைக் கவனிக்க மாநிலந்தோறும் தனிப் பிரிவு அமைக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் கழியும் ஆண்டுகளை அந்தத் தீர்ப்பும் தொடவில்லை. திரிவேணிபென் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு என்பதால், அதை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு உட்கார வேண்டியிருக்கும்.