ப்ரிஹேப் ஃபார் கேன்சர்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பெருநகர வட்டாரத்தில் 2019இல் தொடங்கப்பட்ட, புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கான இலவச உடற்பயிற்சித் திட்டம். நுரையீரல், பெருங்குடல், இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவிருப்போரை முதலில் சேர்த்துக்கொண்டது. பயிற்சி நடப்பது மருத்துவமனையில் அல்ல, அக்கம்பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில். நோயாளி என்ற நினைப்பே பாதி விலகிவிடும். முதலில் சோதனை: எவ்வளவு தூரம் நடக்கிறார், கைப்பிடி எவ்வளவு இறுக்கம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழுகிறார் என்று பார்ப்பார்கள். அதற்கேற்ப, பயிற்றுநரின் மேற்பார்வையில், மூச்சு வாங்கும் பயிற்சியும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும். அறுவை சிகிச்சைக்கு முன் கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் இதயமும் நுரையீரலும் ஓரளவு தேறினால் மயக்க மருந்தையும் கத்தியையும் உடல் தாங்கும். சத்துணவு, மனநல ஆலோசனையும் உண்டு. சிகிச்சைக்குப் பிறகும் பயிற்சி தொடர்கிறது.